பூட்டுப் போட்ட மூடி

போன வாரம் மகளோடு நாகர்கோவிலுக்குப் போகும் வழியில் அவளுடைய கார் விக்கி விக்கி நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பையன் வந்தான். ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு வயரைச் செருகி, கையிலிருந்த திரையைப் பார்த்து, "பியூவல் பம்ப் போச்சு சார்" என்றான். மொத்தம் இரண்டு நிமிடம். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. கையில் ஒரு சொட்டுக் கறை இல்லை.

எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். ஒரு காலத்தில் கருங்கல் என்ற ஊரில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவன் நான். இருபத்தாறு வயது, ஓலைக் கூரை, மூன்று ஸ்பேனர் செட், மலையளவு கர்வம். இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, என்ன நோவு என்று சொல்லிவிடுவேன். பாதி நேரம் பிளக்கின் நிறத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். கண்ணை மூடுவது பார்ப்பவர்களுக்காக. 'மோந்து பாக்க மேஸ்திரி' என்று ஊரில் ஒரு பெயர் நின்றுவிட்டது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதை இன்றைக்கு வெட்கத்தோடு சொல்கிறேன்.

மூக்கு என்றதும் சத்தியதாஸ் அண்ணன் வந்துவிடுகிறார். குலசேகரம் பக்கம் ரப்பர் எஸ்டேட் வைத்திருந்த ஒரு முதலாளிக்கு டிரைவர். நாற்பது வயதிருக்கும். காரை எங்கே நிறுத்தினாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பார், மேலே தென்னை இருக்கிறதா என்று. தேங்காய் விழுந்து கூரை சொட்டையாகிவிடக் கூடாது. நம் ஊரில் தென்னை இல்லாத இடத்துக்கு எங்கே போவது? கோயில் ஆராதனை நடுவில் இரண்டு தடவை எழுந்து வெளியே வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போவார் என்று அவர் மனைவி ஏசுவாள்.

அந்தக் கார் ஒரு சித்திரை மாதம் தகராறு செய்ய ஆரம்பித்தது. ஆறேழு மைல் ஓடும். பிறகு இருமும், இழுக்காது, நின்றுவிடும். பத்து நிமிடம் சும்மா நின்றால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். இன்னும் ஆறேழு மைல், மறுபடி அதே கதை.

கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுழற்றிப் பார்த்தேன். பெட்ரோல் நன்றாகவே பீய்ச்சியது. பில்டரை மாற்றினேன். பம்பைப் பிரித்து உள்ளே டயபிரம் என்ற சவ்வை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, ஜெட்டை ஊதி மாட்டினேன். வெயில் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்கிறதோ என்று, "நின்னா பம்பு மேல ஈரத்துணி போடுங்கண்ணே" என்றேன். போட்டார். பத்து நிமிடத்தில் கிளம்பியது. ஈரத்துணி இல்லாவிட்டாலும் அது பத்து நிமிடத்தில் கிளம்பியிருக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் தடவை மார்த்தாண்டம் தாண்டி ஏற்றத்தில் நின்றபோது உள்ளே முதலாளி இருந்தார். ஒரு சாவு வீட்டுக்குப் போகிறவர், அடக்கம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தார். மறுநாள் காலை இருவரும் என் ஷெட்டில் வந்து இறங்கினார்கள். கருங்கல்லில் அன்று சந்தை நாள். ரோடு முழுக்க ஆட்கள்.

"இவன் பெட்ரோல வித்துப்போட்டு மண்ணெண்ணெய் ஊத்துகான்" என்றார் முதலாளி. "நீதான் மோந்து பாக்க ஆளாச்சே. பாத்துச் சொல்லு."

சத்தியதாஸ் அண்ணன் பதறிப்போனார். "மொதலாளி, டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டு சாவி ஒங்க இடுப்புலல்லா கெடக்குது. நான் எப்படி ஊத்துவேன்?"

"அப்போ கள்ளச்சாவி செய்து வச்சிருக்கே. அதையும் நீயே சொல்லுதே பாரு."

அந்த இடத்தில் என் மூளை விழித்திருக்க வேண்டும். பூட்டுப் போட்ட மூடியா, எப்போது மாட்டியது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். மூன்று தடவை பார்த்தும் நோவு பிடிபடவில்லை என்று அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வேன்? கார்புரேட்டரிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை உள்ளங்கையில் வடித்து, வழக்கம்போலக் கண்ணை மூடி மோந்தேன்.

மண்ணெண்ணெய் மணத்தது. மணக்காதா? காலையிலிருந்து வேறொரு வண்டியின் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்த கை அது.

"லேசா மணக்குது" என்றேன்.

முதலாளி அடிக்கவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. "நான் தச்சுத் தந்த சட்டைதானலே இது? கழத்தி வச்சிட்டுப் போ" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் காக்கிச் சட்டையைக் கழற்றி, மடித்து, சீட்டின்மேல் வைத்து, அதன்மேல் கார்ச் சாவியை வைத்தார். உள்ளே போட்டிருந்த பனியனில் முதுகுப்பக்கம் பெரிய கிழிசல். அந்தக் கோலத்தில் சந்தைக் கூட்டத்துக்குள் நடந்து போனார். டீக்கடையிலிருந்து யாரோ, "மண்ணெண்ணெய் போகுது, ஆரும் பீடி பத்தாதீங்கடே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரே வாரம். புது டிரைவர் முதலாளியை ஏற்றி ஓட்டிப்போன கார், திருவட்டாறு பக்கம் அதேபோல நின்றது. ஆள் வந்து சொல்ல, நான் பைக்கில் போனேன். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாமென்று மூடியைத் திறக்கச் சொன்னேன். முதலாளி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திருகினார். ஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே பாய்ந்தது. யாரோ நெடுநேரம் மூச்சைப் பிடித்துவைத்து இழுத்ததுபோல. கார்ச் சாவியைத் திருப்பினோம், இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. பத்து நிமிடமெல்லாம் தேவைப்படவில்லை.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டால் எண்ணெய் ஒழுங்காக வருமா? காற்றுப் போக இன்னொன்று வேண்டும். டேங்க் மூடியிலும் அப்படி ஓர் ஊசித்துளை இருக்கும். இந்த மூடியில் அது இல்லை. பம்ப் உறிஞ்ச உறிஞ்ச டேங்குக்குள் காற்றில்லாமல் போய், பெட்ரோல் வராமல் நின்றிருக்கிறது. சும்மா நிற்கும்போது எங்கோ இடுக்கு வழியாகக் காற்றுக் கசிந்து உள்ளே போயிருக்கிறது.

"இந்த மூடி எப்போ போட்டீங்க?"

"பங்குனியில. அவன் பெட்ரோல எடுக்கானோன்னு ஒரு சம்சயம். அதான்."

விஷயத்தை விளக்கினேன். முதலாளி மூடியை என் கையில் கொடுத்தார். பிறகு, "ஒரு ஓட்டையப் போட்டுரு. இத ஆருட்டயும் சொல்லாண்டாம். நான் ஊரு முழுக்க அவன கள்ளன்னு சொல்லியாச்சு" என்றார்.

நான் ஓட்டையைப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய ஜீப்பும் லாரியும் என் ஷெட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தன என்பது ஒரு காரணம். 'மோந்து பாக்க மேஸ்திரி' என்ற பெயர்தான் பெரிய காரணம்.

சத்தியதாஸ் அண்ணனுக்கு அதன்பிறகு யாரும் வண்டி கொடுக்கவில்லை. சந்தையில் வாழைக்குலை இறக்கினார். பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகள் 'மண்ணெண்ணெய்' என்று கூவிவிட்டு ஓடும். ஒருநாள் தலையில் சும்மாட்டோடு என் ஷெட் வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"மக்கா, அந்த வண்டிக்கு என்னதான் கொழப்பம்? கண்டுபிடிச்சியா?"

சொல்லியிருக்கலாம். ஷெட்டில் வேறு யாரும் இல்லை.

"கார்புரேட்டர்ல அழுக்குண்ணே" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். "நான் அப்பமே நெனச்சேன். எடைக்கிடைக்கு ஒன்ட்ட கொண்டுவந்து கழுவியிருக்கணும். எனக்க தப்புதான் மக்கா."

இப்போது அந்த ஷெட் இருந்த இடத்தில் மொபைல் கடை. முதலாளி போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கனடாவில் இருக்கிறார்கள். கார் காயலான் கடைக்குப் போனது. கார்புரேட்டர் என்றால் என்ன என்று மகளின் காரைப் பார்க்க வந்த பையன் என்னிடமே கேட்டான்.

முதலாளி செத்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. சத்தியதாஸ் அண்ணன் வீட்டைத் தேடிப் போனேன். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் மனைவி வாசலில் நின்றபடியே கேட்டாள். மூடி, ஓட்டை, என் கை, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ, அவரு கழுவாம விட்டதினால இல்லியா?"

"இல்லக்கா."

"சாவது வரைக்கும் அவரு அதத்தான் சொன்னாரு. ஒரு கார ஒழுங்கா பாத்துக்கிடத் தெரியாம வேலயத் தொலச்சீரேன்னு நானும் தெனமும் ஏசினேன். பதில் பேசமாட்டாரு."

கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"ஏசினதுக்கு நான் இனி ஆருட்டப் போயி மாப்புக் கேக்க?"