இருக்கையில்லாத மூன்று மோட்டார்

ஜெயசங்கருக்கு வயது ஐம்பத்து மூன்று. சொந்தமாக மூன்று மோட்டார் சைக்கிள்கள் வைத்திருக்கிறார். மூன்றுக்கும் சேர்த்து ஓர் இருக்கைகூடக் கிடையாது.

யாரும் கழற்றிக்கொண்டு போகவில்லை. அவை தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அப்படித்தான் வருகின்றன. ட்ரயல்ஸ் என்ற விளையாட்டுக்கென்று செய்த வண்டிகள். பாறை மேலும் மரவேர் மேலும் ஓடைக்குள்ளும் நின்றபடியே ஓட்ட வேண்டும். வேகத்துக்கு மதிப்பில்லை, நத்தை மாதிரி போனாலும் சரி. கால் தரையில் படக்கூடாது, அவ்வளவுதான். ஒருமுறை பட்டால் ஒரு புள்ளி, இரண்டு முறை பட்டால் இரண்டு, அதற்குமேல் எத்தனை பட்டாலும் மூன்று. விழுந்தால் ஐந்து. காலே படாமல் கடந்தவருக்குப் பூஜ்யம், அவர்தான் முதல்.

பூஜ்யம் வாங்கினால் முதலிடம் என்பதை ஜெயசங்கர் வீட்டில் இன்றுவரை யாரும் நம்பவில்லை. தொண்ணூற்றிரண்டு மார்க் எடுத்த பிள்ளையிடம் மீதி எட்டு எங்கே போனது என்று விசாரித்த குடும்பம் அது. தாத்தா இராசரத்தினம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கோலா கிளாவாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாக நாற்காலியில் உட்கார்ந்து, தொழிலாளிகளின் வருகையைப் பேரேட்டில் எழுதியவர். அப்பா அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்தார். ஜெயசங்கர் செரம்பானில் வழக்குரைஞர் அலுவலகத்தில் உட்கார்ந்து, வீடும் நிலமும் கைமாறும் பத்திரங்கள் எழுதுகிறார். மூன்று தலைமுறை உட்கார்ந்தது போதும் என்று நினைத்தாரோ என்னவோ, நாற்பத்தைந்தாவது வயதில் நின்று ஓட்டும் மோட்டார் வாங்கினார்.

முதலில் வந்தது நீல நிற ஷெர்கோ. நல்ல வண்டியா என்று கேட்டார்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? சட்டம் படித்தவருக்கு எதிர்த்தரப்பும் வேண்டும். அதனால் சிவப்பு பேட்டா வந்தது. இரண்டும் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து குடிக்கிற டூ-ஸ்ட்ரோக். ஃபோர்-ஸ்ட்ரோக் தரப்பு வாதத்தை யார் கேட்பது? மொண்டேசாவும் வந்தது. செரம்பானின் லோபாக் பகுதியிலிருந்த வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் மூன்றும் வரிசையாக நின்றன. கார் வெளியே ரோட்டில் வெயில் காய்ந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்தது ஒப்பீடு. நூற்று அறுபது பக்க நோட்டில், கிளட்ச் இழுக்க எத்தனை விரல் வேண்டும், சங்கிலி எப்படிச் சத்தமிடுகிறது, மட்கார்டு மழையில் எந்தக் கோணத்தில் சேற்றைத் தெறிக்கிறது என்று எல்லாவற்றுக்கும் மார்க் போட்டார். முப்பத்தெட்டு பேர் இருக்கும் ட்ரயல்ஸ் வாட்சப் குழுவில் வாரம் ஒரு கட்டுரை போட்டார். “ஷெர்கோ பேசுகிறது, பேட்டா கேட்கிறது, மொண்டேசா யோசிக்கிறது” என்று ஒரு கட்டுரை தொடங்கியது. ஓட்டுகிறவர் என்ன செய்கிறார் என்று அதில் இல்லை.

ஓட்டுகிறவர் எட்டு வருடத்தில் ஒரு செக்‌ஷனைக்கூட முழுதாகக் கடந்ததில்லை. செக்‌ஷன் என்பது இரண்டு பக்கமும் ரிப்பன் கட்டி, நடுவில் பாறையும் பள்ளமுமாக விட்டுவைத்த ஐம்பது அறுபது அடிப் பாதை. போட்டி நாட்களில் ஜெயசங்கர் மூன்று வண்டிகளையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருவார், இறக்குவார், துடைப்பார், பக்கத்தில் நின்று விளக்குவார், திரும்ப ஏற்றுவார். “இன்னைக்கு ஒப்பீடு மட்டும்தான்” என்பார்.

இந்த ஏற்பாட்டுக்கு ஜூன் மாதம் ஆபத்து வந்தது. மகள் சிந்துஜாவுக்குப் பினாங்கிலிருந்து செரம்பானுக்கு மாற்றல் கிடைத்தது. அவளும் வருகிறாள், அவள் காரும் வருகிறது.

“ஒண்டை வச்சிருங்கோ. மற்ற ரெண்டும் போகோணும்,” என்றார் மனைவி கோமளா.

“எதை வைக்கிறது?”

“எட்டு வருஷமா அதைத்தானே பாத்துக்கொண்டு இருக்கிறியள்.”

ஜெயசங்கர் நோட்டை எடுத்தார். மார்க்கைக் கூட்டினார். மூன்றும் நூற்றுக்கு எண்பத்தொன்று. திருகாணிகளின் நிறம் என்று புதிதாக ஒரு பிரிவைச் சேர்த்தார். அதற்கும் மூன்றும் ஆளுக்கு எட்டு வாங்கின. யாருக்கும் அநியாயம் செய்யாமல் மார்க் போட்டால் இதுதான் கதி.

“என்னைக் கட்டேக்கையும் இப்பிடித்தான் மூண்டு பொம்பிளையளுக்கு மார்க் போட்டனியளோ?” என்றார் கோமளா.

“அம்மாதானே பாத்தவா.”

“அதுதான் விஷயம் முடிஞ்சது.”

அன்று மாலையே ஜெயசங்கர் குழுவில் அறிவித்தார்: வரும் ஞாயிறு, ஒரே செக்‌ஷன், ஒரே ஓட்டுநர், மூன்று வண்டி. குறைந்த புள்ளி வாங்குகிற வண்டி தன்னோடு இருக்கும். இதுவரை வாய் திறக்காத முப்பது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். வண்டியை யாரும் பார்க்கப்போவதில்லை, தன்னைத்தான் பார்க்கப் போகிறார்கள் என்பது அறிவிப்பை இரண்டாம் முறை படித்தபோது தெரிந்தது. அழிக்க முடியவில்லை. அதற்குள் எல்லாருக்கும் நீல டிக் விழுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்றையும் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனார். மூன்றில் ஒன்றுக்கு மட்டும் பூஜை போட்டால் சோதனை செல்லாது. குருக்கள் எத்தனையோ மைவி காருக்கும் லாரிக்கும் பொட்டு வைத்தவர், இவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இதில சந்தனம் எங்க வைக்கிறது? தட்டையா ஒரு இடமும் இல்லையே.”

ஜெயசங்கர் சக்கரத்தின் நடுவிலிருந்த பிரேக் டிஸ்க்கைக் காட்டினார். வட்டமாக, பளபளவென்று, துளைத்துளையாக, சுவாமி கையிலிருக்கும் சக்கரம் போலவே இருந்தது. குருக்களுக்கும் திருப்தி. எண்ணெயும் சந்தனமும் குழைத்து முன்னும் பின்னும் தாராளமாகச் சாத்தினார். “மூண்டுக்கும் ஒரே அளவு ஐயா,” என்று ஜெயசங்கர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார். அந்த டிஸ்க்குகளின் விட்டமும் துளைகளின் எண்ணிக்கையும் அவருக்கு மனப்பாடம். அவை எதற்காக இருக்கின்றன என்பது மட்டும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. சாமி சந்தனத்தைத் துடைக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. எலுமிச்சம்பழத்தை நசுக்கிய கையோடு மூன்றும் டிரெய்லரில் ஏறின.

ஞாயிற்றுக்கிழமை கோலா கிளாவாங் போகும் வழியில், பால் வெட்டுவதை நிறுத்திப் பல வருடமான ஒரு ரப்பர் காட்டில் கூட்டம் சேர்ந்திருந்தது. செக்‌ஷனை அமைத்தவரும் புள்ளி போடுகிறவரும் தங்கராஜு. செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, வயது நாற்பது. இராசரத்தினம் பேரேட்டில் வருகை எழுதிய ஆட்களில் தங்கராஜுவின் தாத்தாவும் ஒருவர். தங்கராஜுவிடமும் ஒரு ட்ரயல்ஸ் மோட்டார் இருக்கிறது. யாரோ ஓட்டித் தள்ளிய, ஸ்டிக்கரெல்லாம் உரிந்த வண்டியை வாங்கி, கிடைத்த சாமானைப் போட்டு ஓட்டுகிறார். என்ன பிராண்டு என்று கேட்டால் “மோட்டார்தான்லா” என்பார். அதில் அவர் பூஜ்யம் வாங்குவார்.

“அண்ணே, ஓடையைத் தாண்டணும், முட்டி உசரக் கல்லு ஒண்ணு ஏறணும், அப்புறம் அந்த ரெண்டு மரத்துக்கு நடுவுல இறக்கம். இறக்கத்துல மட்டும் பிரேக்கைப் பாத்துப் புடிங்க. கீழ சேறு.”

“மூன்றையும் அகர வரிசையில் ஓட்டுகிறேன்,” என்றார் ஜெயசங்கர். மேடை கிடைத்தால் அவர் எழுத்துத் தமிழில்தான் பேசுவார்.

“எந்த வரிசையிலயும் ஓட்டுங்க. ஆனா ஓட்டுங்க.”

பேட்டாவில் ஏறி நின்றார். ஓடையில் நாலு முறை கால் பட்டது. கல்லில் இரண்டு முறை. ஆனால் ஏறிவிட்டார். எட்டு வருடத்தில் முதன்முறையாகக் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றார். இனி விழாமல் போனால் மூன்று புள்ளி. மரங்களுக்கு நடுவில் வண்டி இறங்கியது. இரண்டு பிரேக்கையும் பிடித்தார். பிடித்துக்கொண்டே இருந்தார். வண்டி அதுபாட்டுக்குப் போய்ச் சேற்றில் படுத்தது.

“அஞ்சு,” என்று தங்கராஜு எழுதினார்.

ஜெயசங்கர் சேற்றுக் கையோடு நோட்டில் ‘இறக்கத்தில் தயக்கமில்லை’ என்று குறித்துக்கொண்டு மொண்டேசாவை எடுத்தார். ஓடை, கல், இறக்கம், சேறு. அஞ்சு. ஷெர்கோ. ஓடை, கல், இறக்கம், சேறு.

“மூணும் சமம்ணே,” என்றார் மேலே நின்றிருந்த சசிதரன். இன்னொரு ஓட்டக்காரர் அவர், வாய் கொஞ்சம் அதிகம். “நோட்டுல இருக்கிற மாதிரியே வந்திருச்சு.”

கூட்டம் சிரித்து முடிக்கும்போது தங்கராஜு மூக்கை உறிஞ்சினார்.

“என்னாது, கோயில் வாசம் வருது?”

ஷெர்கோவின் முன் டிஸ்க்கிலிருந்து மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது. தங்கராஜு குனிந்து விரலால் தொட்டார். முகர்ந்து பார்த்தார். பிறகு ஜெயசங்கரைப் பார்த்தார்.

“அண்ணே, சந்தனமா?”

“வெள்ளிக்கிழமை பூஜை.”

“டிஸ்க்குலயா?”

“மூன்றுக்கும்.”

தங்கராஜு சேற்றோரம் உட்கார்ந்து சிரித்தார். மேலே நின்றவர்களுக்கு விஷயம் போய்ச் சேர அரை நிமிடம் ஆனது, சிரிப்பு ஓய ஐந்து நிமிடம் ஆனது. ஆனால் அது அடங்கியதும் தங்கராஜு பென்சிலைத் திருப்பி மூன்று ஐந்தையும் அழித்தார்.

“கல்லு ஏறிட்டீங்க, அதை யாரும் சாமி பேர்ல எழுத முடியாது. பிரேக் இருந்தா முடிச்சிருப்பீங்க. மறுபடி ஓட்டுங்க. ஆனா பிரேக் பேடைக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். அங்க பாருங்க மேகத்தை. மழைக்கு முன்னால ஒரு வண்டிக்குத்தான் நேரம் இருக்கு. எதைக் கழட்டட்டும்?”

இதுதான் எட்டு வருடமாக அவர் காத்திருந்த கேள்வி. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோமளா குடையோடு ஒரு மரத்தடியில் நின்றிருந்தார். பிரேக் இருந்தால் முடிப்பார் என்று தங்கராஜுவே சொல்லிவிட்டார். அப்படியானால் பிரேக்கோடு போய் விழுந்தால் அப்புறம் சொல்ல ஒன்றும் இருக்காது. சந்தனம் இருக்கும்வரை அவர் ஏறக்குறைய வென்றவர்.

“ஒரு பக்கம் பார்த்தால்,” என்று ஜெயசங்கர் தொடங்கினார், “இறக்கத்தில் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். மறுபக்கம் பார்த்தால், கல் ஏற டூ-ஸ்ட்ரோக்…”

“அண்ணே, ஏதாவது ஒண்ணு.”

“ஒன்றை மட்டும் சுத்தம் செய்தால் மற்ற இரண்டுக்கும் அது நியாயமில்லையே.”

“சரி விடுங்க. என்னோட மோட்டாரை எடுங்க. பிரேக் இருக்கு. சந்தனம் இல்ல.”

“அதை நான் இன்னும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லையே.”

தங்கராஜு உப்புத்தாளைப் பாக்கெட்டில் போட்டார். “உங்க தாத்தாவாவது வந்தான், வரலன்னு ரெண்டுல ஒண்ணை டக்குனு எழுதுவாராம்,” என்றார். ஜெயசங்கர் ஒரு முடிவுக்கு வந்து சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாறை வழுக்க ஆரம்பித்தது. ரிப்பனை அவிழ்த்தார்கள். சுற்றியிருந்தவர்கள் ஏமாந்துபோனார்கள். ஜெயசங்கருக்கு நெஞ்சு லேசானது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வண்டிகள் சேற்றிலேயே கிடந்தன. கோமளா குடையை மடக்கி வைத்துவிட்டு இறங்கினார். சிவப்பைப் பிடித்து மேட்டில் டிரெய்லர்வரை தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்து மொண்டேசாவைத் தள்ளினார். கடைசியாக நீலம். உதவிக்கு வந்த சசிதரனை “நீங்கள் நில்லுங்கோ தம்பி” என்று நிறுத்திவிட்டார். மூன்றும் ஏறியதும் மூச்சு வாங்கிக்கொண்டு கணவரைப் பார்த்தார்.

“நீலம் நிக்கட்டும்.”

“எப்பிடி? ஏன்?”

“தள்ள லேசு. தள்ளி வச்சுத்தானே நான் வாசல் கூட்டோணும்.”

“எடையில அது லேசில்லை கோமளா. நோட்டில இருக்குது, பக்கம் நாற்பத்தொண்டு.”

“நான் நோட்டைத் தள்ளேல்லை. வண்டியைத்தான் தள்ளினனான்.”

அவர் தள்ளும்போது நீல வண்டியின் டயரில் சேறு குறைவாக இருந்தது, அது கடைசியாக விழுந்த வண்டி, மழை அதைக் கழுவிவிட்டது என்றெல்லாம் ஜெயசங்கரால் வாதாட முடியும். தங்கராஜு முந்திக்கொண்டார். “அக்கா பேச்சுதான் தீர்ப்பு,” என்றார். கைதட்டல்கூடக் கேட்டது.

மறுநாள் குழுவில் இரண்டு விற்பனை விளம்பரங்கள் வந்தன. ஒவ்வொன்றும் நாற்பது வரி. பேட்டாவும் மொண்டேசாவும் எந்தெந்த விதத்தில் ஷெர்கோவைவிட மேல் என்று அவற்றில் இருந்தது. வாங்க வந்தவர் ஈப்போக்காரர், அமிர்தலிங்கம் என்று பெயர். இரண்டையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒன்றைவிட ஒன்று எது நல்லது என்று இரண்டையும் வைத்துக்கொண்டால்தானே தெரியும் என்றும் சொன்னார். ஜெயசங்கர் அவரோடு ஒன்றரை மணி நேரம் பேசினார்.

இரண்டையும் ஏற்றிப்போக சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லாரி வருகிறது. அடுத்த போட்டி இருபத்து மூன்றாம் தேதி. பெயர்ப் பட்டியலில் ஜெயசங்கர் ஏழாவது. வண்டி என்ற இடத்தில் அவரைக் கேட்காமலே தங்கராஜு ஷெர்கோ என்று எழுதிவிட்டார்.