மணி அடிக்காத மூன்றாம் பாகம்

நவம்பர் 14, வெள்ளிக்கிழமை, காலை 7.40. வெளியே தூறல்.

நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் பீஸ் எண்ணி ஓய்வு பெற்றவன். இப்போது பொழுதுபோக்கு கம்ப்யூட்டரில் ஒரு பட்டறை விளையாட்டு. மூலிகை, தாது சேர்த்து மருந்தும் ஆயுதமும் செய்ய வேண்டும். முதல் இரண்டு பாகங்களிலும் பட்டறையின் ஒரு நாள் சரியாக இருபது நிமிடம். முடிந்ததும் மணி அடிக்கும். பதினோரு முறை சரிபார்த்திருக்கிறேன். முழங்கால் வலியால் எழ முடியாத என் மனைவிக்கு இன்சுலின் போட்டதும் விளையாட உட்காருவேன். மணி அடித்ததும் இட்லி கொடுப்பேன்; தாமதித்தால் அவளுக்குச் சர்க்கரை இறங்கிவிடும்.

அன்றும் ஊசி போட்டுவிட்டு, கடைசியான மூன்றாம் பாகத்தைத் தொடங்கினேன். பட்டறையைக் காணோம். எந்தத் திசையிலும் போகலாம் என்று பெரிய உலகத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஒரு செம்புக் கட்டியைத் தேடி நடந்துகொண்டே இருந்தேன். செய்வதற்கு ஒன்றுமில்லை; எரிச்சலாக வந்தது.

"ஏனுங்க, இன்னும் மணி அடிக்கலீங்களா?" என்றாள் கட்டிலிலிருந்து.

"இல்ல அம்மிணி, பொறு."

பிறகு அவள் கேட்கவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் 8.32. ஐம்பத்திரண்டு நிமிடம்! திரும்பினேன். சேலை நனைய வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதற்கு என்னை யாரோ போலப் பார்த்தாள். சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். எட்டாவது ஸ்பூனில்தான், "இட்லி ஆறிப்போச்சுங்களா?" என்றாள். உடனே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

இப்போது ஊசி போட்டதும் அலாரம் கடிகாரத்தை முடுக்கி அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். விளையாட்டு சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

ஆட்டோ 180, ஆஸ்பத்திரி 4,350, அலாரம் 240, அந்த மூன்றாம் பாகம் 2,499. மொத்தம் 7,269 ரூபாய்.