இடது பக்கம் தில்லி, வலது பக்கம் மெட்ராஸ்

நேற்று மதியம் என் கைபேசி ஒருமுறை உறுமிவிட்டு, தில்லியின் துவாரகாவில் இன்னும் இருபது நிமிடத்தில் புழுதிப் புயல் வரும், ஜன்னல்களை மூடவும் என்றது. அதோடு நிற்காமல் ஊர்ப் பெயர், மணி, காற்றின் வேகம், திசை எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டியது. எழுந்துபோய் மூடினேன். இந்த வயதில் கைபேசி சொன்னால் கேட்டுக்கொள்வதுதான் மரியாதை. வீட்டில் மற்றவர்கள் சொல்வதையும் கேட்கத்தான் செய்கிறேன், ஆனால் அவர்கள் திசை, வேகமெல்லாம் முன்கூட்டியே சொல்வதில்லை.

கடைசி ஜன்னலை இழுக்கும்போது அந்த வாசனை வந்துவிட்டது. தில்லியின் கோடைப் புழுதிப் புயலுக்கு இங்கே ஆந்தி என்று பெயர். வருவதற்குச் சற்று முன்பே அதன் வாசனை வந்துவிடும். காய்ந்த மண், பழைய கோணிச் சாக்கு, சூடான இரும்பு. எனக்கு மட்டும் அதில் கொஞ்சம் பெருங்காயமும் எலுமிச்சையும் சேர்ந்திருக்கும். ஊரில் வேறு யாருக்கும் அப்படி இருக்க நியாயமில்லை.

அந்த வாசனை என்னிடம் ஒட்டிக்கொண்ட காலத்தில் நான் நேரு பிளேஸில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் சின்ன வேலையில் இருந்தேன். ஜாகை கோல் மார்க்கெட் பக்கம், அரசாங்கக் குவார்ட்டர்ஸில் ஒரு பின்னறை. வீடு வெங்கடேசன் சாருக்கு ஒதுக்கப்பட்டது. ஏதோ ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அவர் மனைவி கல்யாணி மாமி, கல்லூரியில் படிக்கும் மகள் உமா, அப்புறம் நான். குவார்ட்டர்ஸில் உள்வாடகைக்கு ஆள் வைக்கக் கூடாது என்பதால் காலனிக்கு நான் மாமியின் அக்கா பையன். மாமியின் பேச்சு தஞ்சாவூர், என் பேச்சு விருதுநகர். ஒரு வாக்கியம் பேசினால் போதும், எங்கள் உறவு அம்பலமாகிவிடும். நல்லவேளையாகச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் பஞ்சாபிகள். எல்லாத் தமிழையும் ஒரே தமிழாகக் கேட்கும் பெருந்தன்மை அவர்களுக்கு இருந்தது.

என்னிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பாதி பாகங்கள் கம்பெனி கழித்துக் கட்டியவை. அதில் ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றியிருந்தேன். அந்தக் காலத்தில் லினக்ஸ்காரர்களில் இரண்டு வகை உண்டு. அதை வைத்து வேலை செய்கிறவர்கள் ஒரு வகை. அதன் திரையை அலங்காரம் செய்துகொண்டே காலம் கழிப்பவர்கள் இன்னொரு வகை. நான் எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை. ஜன்னல் ஓரங்களை வட்டமாக்குவேன், திரையின் ஓரப் பட்டையைக் கண்ணாடி மாதிரி ஆக்குவேன், எழுத்துக்கு நிழல் கொடுப்பேன். கடைசியில் அந்த அழகான திரையில் செய்வதற்கு ஒரு வேலையும் இருக்காது. சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதற்கெல்லாம் இணையம் வேண்டும், இணையத்துக்கு மோடம், மோடத்துக்கு டெலிஃபோன் கம்பி. அது ஹாலில், வெங்கடேசன் சார் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. மோடம் போனைப் பிடித்துக்கொண்டால் வேறு யாரும் பேச முடியாது. மெட்ராஸிலிருந்து மாமியின் அக்கா கூப்பிட்டால் கிடைக்காது. அதனால் கம்ப்யூட்டர் ஹாலுக்கு வர வேண்டுமென்றால் அதனால் வீட்டுக்கு ஏதாவது பிரயோஜனம் இருக்க வேண்டும் என்று சார் ஒரு கொள்கை முடிவு எடுத்தார். நான் யோசித்து, வானிலை என்றேன்.

திரையின் மூலையில் வெப்பநிலை காட்டும் ஒரு குட்டிச் செயலி லினக்ஸோடு வரும். முதல் நாள் பெருமையாக இயக்கிக் காட்டினேன். தில்லியில் மே மாதம், வெளியே தார் உருகிக்கொண்டிருக்கிறது. திரையில் பதினோரு டிகிரி, லேசான தூறல்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "இது எந்த ஊருப்பா?"

அது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க். அந்தச் செயலியை எழுதியவர்கள் உலகத்தில் எல்லாரும் பிட்ஸ்பர்க்கில்தான் பிறந்து வளர்ந்தவர்கள் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

"டிரான்ஸ்ஃபர் கிடைக்குமான்னு கேளு. நான் ரெடி," என்றார் சார்.

ஊரை மாற்றுவதற்குள் எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. விமான நிலையங்களுக்கு நான்கெழுத்துக் குறியீடு இருக்கிறது, அதைத் தேடிப் பிடித்து ஒரு கோப்பில் எழுத வேண்டும். எழுதினால் மொத்தப் பட்டையும் காணாமல் போகும். பட்டையைத் திரும்ப வரவழைத்தால் பிட்ஸ்பர்க்கும் கூடவே வரும். ஒருவழியாகத் தில்லியின் பாலம் விமான நிலையம் திரையில் இறங்கியது. நாற்பத்தொன்று, தெளிவான வானம்.

"ஜன்னலைத் திறந்தா தெரியறது," என்றார் சார். "அதைச் சொல்ல ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு மோடம், மோடத்துக்கு என் டெலிஃபோன்."

"அப்படி இல்ல சார். ஆந்தி மேக்க இருந்துதான் வரும். பாலம் நமக்கு மேக்கதான இருக்கு? அங்க அடிச்சு இங்க வர்றதுக்குள்ள மாடித் துணிய எடுத்துரலாம்."

பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் அடுத்த வாரமே, பெட்டி பாலத்தில் புழுதிப் புயல் என்றது, நான் மாடிக்கு ஓடினேன், துணியோடு இறங்குவதற்கும் ஆந்தி வருவதற்கும் சரியாக இருந்தது. மாமி அன்று எனக்கு இரண்டாவது டம்ளர் காபி கொடுத்தார். அந்த வீட்டில் அது பத்ம விருது மாதிரி. மோடத்துக்கு அனுமதி கிடைத்தது.

"அக்கா ஊரையும் அதுல போடேம்ப்பா," என்றார் மாமி.

போட்டேன். இடது பக்கம் தில்லி, வலது பக்கம் மெட்ராஸ். அப்போதுதான் தெரிந்தது, அக்காவுக்கும் தங்கைக்கும் பல வருஷமாக வெயில் சண்டை நடந்துவந்தது. ஒவ்வொரு முறையும் அக்கா, "இங்க வெயில் தாங்கலடி" என்று ஆரம்பிப்பார். மாமியிடம் பதில் சொல்ல ஆதாரம் இல்லை. இப்போது இருந்தது. "முப்பத்தெட்டுதானேக்கா? இங்க நாப்பத்திமூணு" என்று மாமி திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பார். குளிரில் தோற்பதில்லை என்று ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்தவர், வெயிலிலும் ஜெயிக்க ஆரம்பித்தார்.

அக்கா சும்மா இருப்பாரா. தன் பையனுக்குக் கல்யாணம் நிச்சயமானதைச் சொல்லும்போது, பேச்சு பட்சணத்துக்குப் போய் வடாமில் நின்றது. "தில்லில இருந்துண்டு உனக்கு வடாமெல்லாம் எங்கடி வரப்போறது? வேணும்னா சப்பாத்தி பண்ணி அனுப்பு."

மாமி ரிசீவரை வைத்த சத்தம் பின்னறையில் எனக்குக் கேட்டது. "கல்யாணத்துக்கு வடாம் என்னோடது. அந்த ஈரக் காத்துல நாலு நாள் காயறது இங்க ஒரே நாள்ல சுக்கா காயும். பாக்கட்டும்."

இதில் ஒரு சிக்கல், எனக்குத்தான். காலனிக்குத் தெரிந்து அக்கா பையன் நான். கல்யாணச் செய்தி வெளியே போனதும் எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி என்னைப் படிக்கட்டில் மறித்து, "முபாரக் ஹோ, பேட்டா!" என்று வாழ்த்திக் கன்னத்தைக் கிள்ளினார். பெண் எப்படி இருப்பாள் என்றும் கேட்டார். நல்ல நிறம் என்று சொல்லிவைத்தேன்.

சாருக்கு லீவு கிடைத்ததே கல்யாணத்தை ஒட்டித்தான். அதனால் எல்லாரும் வீட்டில் இருந்து வடாம் போட வாய்த்தது ஒரே நாள். மறுநாள் மாலை மூன்று பேருக்கும் ரயில். அந்த ஒரு நாளுக்கு என் பெட்டியைக் காவல் வைப்பது என்று தீர்மானம். காலை முதல் மாலை வரை மோடம் போனைப் பிடித்துக்கொண்டே இருக்கலாம் என்று மாமி வாயாலேயே சொன்னார்.

இவ்வளவு பெரிய பொறுப்பு வந்ததும் நான் என்ன செய்தேன் என்றால், திரையை இன்னும் கொஞ்சம் அழகாக்கினேன். எண்களுக்கு மேல் ஊர்ப் பெயர்கள் இரண்டும் தடித்தடியாக உட்கார்ந்து அழகைக் கெடுத்துக்கொண்டிருந்தன. இடது எது வலது எது என்றுதான் வீட்டுக்கே தெரியுமே. எடுத்துவிட்டேன். கடைசியாக எப்போது புதுப்பித்தது என்று ஒரு வரி இருந்தது, அதையும் எடுத்தேன். பின்னால் பனி மூடிய மலைப்படம், முன்னால் நிழலோடு இரண்டு எண்கள். வடாம் போடுவதற்கு முதல் நாள் மாலை அந்தச் செயலியை ஒருமுறை நிறுத்திவிட்டு மறுபடியும் ஏற்றினேன். அது எழுந்து வந்தபோது இரண்டு ஊரையும் இடம் மாற்றி வைத்துக்கொண்டது. பெயர் இல்லாததால் எனக்குத் தெரியவில்லை. மே மாதத்துச் சாயங்காலத்தில் முப்பத்தேழுக்கும் முப்பத்தொன்பதுக்கும் முகத்தில் ஒரு வித்தியாசமும் இருக்காது.

விடியற்காலையில் மாமி ஜவ்வரிசிக் கூழ் கிண்டினார். பச்சைமிளகாய், பெருங்காயம், இறக்கியபின் எலுமிச்சை. மாடியில் பழைய வேஷ்டிகளை விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றி வட்டமாக இழுத்துவிட்டோம். கோல் மார்க்கெட்டில் காக்காயைவிடக் குரங்குதான் கவலை. உமா ஒரு கம்போடு குடை பிடித்து உட்கார்ந்தாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சாக்கில் பாதி காய்ந்த வடாம் இரண்டைத் தின்றேன். வெளியே வறண்டு உள்ளே கொழகொழவென்று இருக்கும் அந்தப் பதத்துக்கு உலகத்தில் ஈடு கிடையாது.

மதியச் சாப்பாடு முடிந்து, ஹாலில் நானும் மாமியும். சார் நாற்காலியில் கண்மூடியிருந்தார்.

"என்ன சொல்றது உன் பெட்டி?"

"தெளிவான வானம், மாமி. லேசா காத்து. சாயங்காலம் வரைக்கும் கவலையே இல்ல." அது அந்த நிமிடத்தை மட்டும்தான் சொல்லும், சாயங்காலத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சாயங்காலத்தைச் சேர்த்தது நான்.

அப்போது வலது பக்கம் மாறியது. சூரியன் மறைந்து, சாம்பல் நிறப் பொட்டலம் மாதிரி ஒரு படம் வந்தது. புழுதிப் புயல்.

"ஐயையோ, மெட்ராஸ்ல புழுதிக் காத்தா!" என்றார் மாமி. குரலில் பதற்றம் எழுபது, சந்தோஷம் முப்பது. "அவ மாடி பூரா கல்யாணப் புடவை உலத்தியிருப்பாளே! கட் பண்ணுப்பா உன் மோடத்தை, ஜல்தி!"

துண்டித்தேன். மாமி அக்கா நம்பரைச் சுழற்றினார்.

"அக்கா! மாடில என்ன இருக்கு? எல்லாத்தையும் எடு. புழுதிப் புயல் வரது... எங்க பெட்டி சொல்றதுக்கா... என்னது, இலை ஆடலையா? இப்ப ஆடலேன்னா? இன்னும் கொஞ்ச நேரத்துல..."

சார் கண்ணைத் திறக்காமல், "எங்கேயோ பெருங்காத்து சத்தம் கேக்கறதே" என்றார்.

ஹால் ஜன்னல் படீரென்று அடித்துக்கொண்டது. அறை மஞ்சளாகி, காவியாகி, இருட்டாகிவிட்டது. மாடியிலிருந்து எங்களை மேலே கூப்பிடும் உமாவின் குரல்: "அம்மா! ஆந்தி ஆ கயீ! ஊப்பர் ஆவோ!"

மாமியின் காதில் ரிசீவர் அப்படியே இருந்தது. மறுமுனையில் அக்கா, "என்னடி சத்தம் அங்க?" என்று கேட்பது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. மாமி நிதானமாக, "ஒண்ணும் இல்லக்கா. கதவு," என்று சொல்லி வைத்தார்.

நாங்கள் மேலே போனபோது குடை பக்கத்து பிளாக்குக்குப் போயிருந்தது. வேஷ்டிகள் சுருண்டு கிடந்தன. வெள்ளையாக ஊற்றியது எல்லாம் பொன்னிறமாக இருந்தது, எண்ணெயே தேவையில்லாமல். மாமி ஒன்றைக் கீழே கொண்டுவந்து பொரித்துப் பார்த்தார். நன்றாகவே பொரிந்தது. வாயில் போட்டால் ராஜஸ்தான் நறநறவென்று கடிபட்டது.

திட்டினால் தேவலை என்றிருந்தது. மாமி பொரித்த எண்ணெயை வடிகட்டிக்கொண்டிருந்தார். உமாதான் திரையருகே போய் நின்று, எண்களை மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அண்ணா, பேர் எங்க?" என்றாள்.

"அழகுக்காக எடுத்துட்டேன்."

"அச்சா," என்றாள், அப்படியா என்பது போல. அந்த ஒரு சொல்லில் நான் அடைந்த அவமானத்தை விருதுநகர் முழுக்கச் சேர்ந்தாலும் எனக்குத் தந்திருக்க முடியாது.

மறுநாள் காலை சாரும் நானும் கரோல் பாக் போனோம். அங்கே தமிழ்ச் சாமான்கள் விற்கும் கடையில் ஜவ்வரிசி வடாம் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கியது. இருந்ததையெல்லாம் வாங்கினோம். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மாமி பாக்கெட்டுகளை வெட்ட, நான் தகர டின்னில் கொட்டினேன். ஒவ்வொரு பாக்கெட்டிலும் தயாரித்த இடம் அச்சிட்டிருந்தது: மேற்கு மாம்பலம், சென்னை. அக்கா வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். மாமி காலி பாக்கெட்டுகளை இரண்டாக மடித்து, குப்பைக்கூடையில் காய்கறித் தோலுக்கு அடியில் வைத்தார்.

கல்யாணத்தன்று அக்கா பையனாகிய நான் கோல் மார்க்கெட் முனையில் தனியாக நின்று பிரெட் ஆம்லெட் தின்றுகொண்டிருந்ததை எதிர்வீட்டு ஆன்ட்டி பார்த்துவிட்டார். கல்யாணம் நின்றுபோய்விட்டது என்று அவராகவே புரிந்துகொண்டு, ராத்திரிக்கு ராஜ்மா அனுப்பினார். நானும் சோகமாகச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்த வாரமே அக்கா போன் செய்தார். பந்தியில் எல்லாரும் வடாமைத்தான் பேசினார்களாம். மாமி கேட்டுக்கொண்டே நின்றார். "ம்... ஆமா... எல்லாம் வெயில்தான்க்கா... அந்த வெயில் உங்களுக்கு அங்க வராது." ஜெயித்துவிட்டார். ஆனால் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் அக்கா தில்லி வடாம் கேட்டார். ஒவ்வொரு கோடையிலும் மாம்பலத்து வடாம் கரோல் பாக் வரை வந்து, பெயரை இழந்து, டின்னில் ஏறித் திரும்பிப் போனது. மாமி மறுபடியும் மாடியில் வடாம் போடவில்லை. என் கம்ப்யூட்டர் பின்னறைக்குத் திரும்பியது. ஊர்ப் பெயர்களைச் சிவப்பில், கொட்டை எழுத்தில் போட்டு வைத்தேன், பார்க்க ஆள் இல்லாவிட்டாலும்.

அந்தச் செயலி இப்போது இல்லை. மோடத்தின் கீச்சொலி இல்லை. குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்துவிட்டார்கள், மாடி இருந்த உயரத்தில் இப்போது யாரோ ஒருவரின் மூன்றாவது தளம். சாரும் அக்காவும் போய்விட்டார்கள். மாமி சென்னையில் உமாவோடு இருக்கிறார். போனில் இப்போதெல்லாம் வெயிலைப் பற்றிப் பேச்சு எடுப்பதில்லை, சண்டைக்கு ஆள் வேண்டுமே.

நேற்று கைபேசி சொன்ன இருபதாவது நிமிடத்தில் ஆந்தி வந்தது. மேற்கிலிருந்துதான். அன்று சாரிடம் நான் அடித்துவிட்டது அத்தனையும் நிஜமாகிவிட்டது. அந்த இருபது நிமிடமும் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன், எதையாவது எடுத்து உள்ளே வைக்கலாமா என்று. எங்கள் அடுக்ககத்தில் மொட்டைமாடிக்குப் பூட்டு. பால்கனியில் ஏசி இயந்திரம் மட்டும் இருந்தது. இவ்வளவு சரியாக ஒரு எச்சரிக்கை வந்த நாளில், கெட்டுப்போக என்னிடம் ஒன்றுமே இல்லை.