தையலுக்கு அரை இன்ச்

சந்தில் மொத்தம் பதினெட்டு வீடு. பதினேழாவது வீட்டு ஜன்னலோரம் தையல் மெஷின் கடகடவென்று ஓடினால் தையலக்கா வேலையில் இருக்கிறாள் என்று அர்த்தம். மெஷின் நின்றால் நாத்தனாரோடு சண்டை என்று அர்த்தம். சும்மா சொல்லக் கூடாது, இரண்டுமே கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். போனால் பத்து நாள், வந்தால் ஒரு நாள். மற்றபடி அந்த ஒற்றை அறையில் தையலக்காவும், அவருடைய அக்காவான நாத்தனாரும்தான். நாத்தனார் பொத்தானுக்குக் காஜா எடுப்பாள், ஊக்கு வைப்பாள், குறை சொல்வாள். மூன்றிலும் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இருபது வருஷமாக ஒருத்தியை ஒருத்தி திட்டித் திட்டியே உயிராகிப் போனவர்கள்.

நாத்தனாருக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டது. சந்தில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் இல்லை. பொதுக் கழிப்பறைக்குப் பெரிய ரோட்டைத் தாண்டிப் பன்னிரண்டு படி ஏற வேண்டும். மகராசி என்ன செய்தாள் தெரியுமா? தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். கொஞ்ச நாளில் சிறுநீரகத்தில் கல். டாக்டர் கத்தோ கத்தென்று கத்தினார்.

"தினம் மூணு லிட்டர் குடிக்கணும்மா. இல்லன்னா ரெண்டு கிட்னியும் போயிடும்."

வெளியே வந்ததும் நாத்தனார் முணுமுணுத்தாள். "குடிக்கறது நான். குடிச்சுட்டு படியேறப் போறது யாரு, இவரா?"

தையலக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பயம் வந்தது. இந்தப் பிடிவாதக்காரி போய்விட்டால் அப்புறம் யாரோடு சண்டை போடுவது? வீட்டிலேயே கக்கூஸ் கட்டச் சாக்கடை இணைப்புக் கேட்டு நேராக நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். ஒரு தடவை இல்லை, ஒன்பது தடவை. கடைசியில் இன்ஜினியரம்மா இறங்கி வந்தாள்.

"சந்துக்குள்ள சாக்கடைக் குழாயை நீங்களே போட்டுக்குங்க. ரோட்டுல இருக்கற பெரிய குழாயோட நாங்க சேர்த்துவிடறோம். ஆனா இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வந்து மட்டம் பார்ப்பேன். தப்பா இருந்தா உங்க சந்தை இந்த வருஷப் பட்டியல்லேருந்து எடுத்துடுவேன். அப்புறம் எங்கிட்ட அழக் கூடாது."

முதல் வீட்டுக் கொத்தனார் பொறுப்பேற்றுக்கொண்டார். அவரவர் வாசலுக்கு நேரே உள்ள பள்ளத்தை அவரவரே வெட்ட வேண்டும். எவ்வளவு ஆழம் என்று வீட்டுக்கு ஒரு சீட்டு. சீட்டு எழுதுவது யார் என்ற பேச்சே எழவில்லை. அளவு என்றால் தையலக்காதானே!

தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டியூபின் ஒரு நுனியைக் கொத்தனார் பிடித்தார், மறு நுனியைத் தையலக்கா. தண்ணீர் நின்ற மட்டத்தில் பதினெட்டுச் சுவரிலும் துணிக்குக் கோடு போடும் சாக்கட்டியால் ஒரு கோடு.

"இந்தக் கோட்டுலேருந்து கீழ அளக்கணும்க்கா. ரோட்டைப் பாக்கப் போகப் போக, வீட்டுக்கு வீடு ஒன்றரை இன்ச் ஆழம் கூடணும். அவ்வளவுதான் கணக்கு," என்றார் கொத்தனார்.

அவ்வளவுதான் கணக்கு. தையலக்கா உட்கார்ந்து ஒரே மூச்சில் பதினெட்டுச் சீட்டையும் எழுதிக் கொடுத்தாள்.

பள்ளம் வெட்டிய அந்த மூன்று வாரமும் சந்தைப் பார்க்க வேண்டுமே! ஏழாம் வீடும் எட்டாம் வீடும் ஏதோ ஒரு துணிக்கொடித் தகராறில் இரண்டு வருஷமாக முகம் பார்க்காதவர்கள். பள்ளத்துக்குள் இறங்கிய பிறகு முகம் பார்க்காமல் எப்படி? மூன்றாம் நாள், "அந்த மண்வெட்டியைக் கொஞ்சம் குடுங்க" என்பதில் பேச்சு ஆரம்பித்தது. இப்போது நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டேன் என்கிறார்கள்.

கடைசி வாரத் திங்கட்கிழமை மதியம் கொத்தனார் ரோட்டை ஒட்டிய கடைசி வீட்டுப் பள்ளத்தில் இறங்கினார். டேப்பை விட்டார். எடுத்தார். மறுபடி விட்டார். முகம் சுண்டிப்போனது. பள்ளத்தின் அடி, பெரிய குழாயின் வாயை விட முக்கால் அடி கீழே கிடந்தது. சாக்கடை என்ன, ஏணி வைத்தா ஏறிப் போகும்?

சந்தே கூடிவிட்டது. கொத்தனார் தலையைச் சொறிந்தார். "டியூப்ல காத்துக் குமிழி புகுந்திருக்கும். நான் கவனிக்காம விட்டுட்டேன் போல."

தையலக்கா அடுத்தடுத்த நாலைந்து வீட்டுச் சீட்டுகளை வாங்கி வரிசையாக வைத்துப் பார்த்தாள். முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்து நாலு. அவள் கையெழுத்தேதான். பிள்ளைகள் வளரும், பெண்கள் குண்டாவார்கள் என்று எந்த அளவானாலும் அரை இன்ச் கூட்டி எழுதியே பழகிய கை. வாய் ஒன்றரை என்று சொல்ல, கை பாட்டுக்கு இரண்டு என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்கு அரை இன்ச், பதினெட்டு வீடு தாண்டி முக்கால் அடியாகிவிட்டது.

குமிழி மேல் பழி போகட்டும் என்று ஒரு நொடி நினைத்தாள். பொய் சொல்வானேன், நினைக்கத்தான் செய்தாள். ஆனால் வேர்வை வழிய நிற்கும் கொத்தனாரைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை.

"குமிழியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நான்தான். தையலுக்கு அரை இன்ச் விட்டுட்டேன்."

யாருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் சந்து முனை டீக்கடைக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"ஏன்க்கா, நாளைக்குச் சாக்கடை குண்டாயிட்டா பிரிச்சு விட்டுக்கலாம்னா?"

குபீரென்று சிரிப்பு. தையலக்காவும் சிரிக்கத்தான் பார்த்தாள், அழுகை முந்திக்கொண்டது. ஐந்தாம் வீட்டுப் பெயின்டருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? என் பொண்டாட்டி முதுகு ஒடிய வெட்டியிருக்கா. ஒரு அளவு எழுதத் தெரியாதவங்க எதுக்கு முன்னால வந்து நிக்கணும்?"

வாசலில் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"யாருப்பா அது? இவளைத் திட்டற உரிமை இந்தச் சந்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருக்கு. அது நான். எனக்குத்தான் கிட்னில கல்லு. நானே ஒண்ணும் சொல்லல, நீ என்ன? போ, போய் மண்வெட்டியை எடு."

பெயின்டர் எடுத்தார். எடுக்காமல் தப்பிக்க முடியுமா?

பள்ளத்தில் உடைத்த செங்கல்லும் மணலும் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். சந்தின் உள்கோடி மேல்வீடுகளுக்கு அரை இன்ச், ஒரு இன்ச் போதும். அவர்கள் சீக்கிரம் முடித்துவிட்டுத் மண்வெட்டியும் கையுமாக ரோட்டோரக் கீழ்வீடுகளுக்கு இறங்கி வந்தார்கள். நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மூன்று நாளும் செங்கல் உடைத்தாள். ஒவ்வொரு கல்லுக்கும் தையலக்காவுக்கு ஒரு திட்டு விழுந்தது. அதைக் கேட்கக் கேட்கத்தான் தையலக்காவுக்கு மூச்சே திரும்பி வந்தது.

வியாழக்கிழமை குழாய் இறங்கியது. வெள்ளிக்கிழமை இன்ஜினியரம்மா முதல் வீட்டருகே ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றச் சொன்னாள். சந்தே ரோட்டோரம் குனிந்து நின்றது. நீலத் தண்ணீர் வந்து விழுந்ததும் போட்ட கூச்சலில் ரோட்டில் போன பஸ்ஸே நின்றுவிட்டது. இன்ஜினியரம்மா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மாதம் தையலக்கா வீட்டுப் பின்மூலையில் கக்கூஸ் எழும்பியது. நாலுக்கு மூன்றரை அடி, தகரக் கதவு, உள்ளே தாழ்ப்பாள். முதல் ஆளாக நாத்தனார் உள்ளே போனாள். பத்து நிமிஷம் ஆயிற்று, கால் மணி ஆயிற்று. சத்தமே இல்லை. கால் பிசகி விழுந்துவிட்டாளோ என்று தையலக்கா ஓடிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"அண்ணி! என்னாச்சு? தண்ணி போகலையா?"

"அதெல்லாம் நல்லாப் போகுது."

"அப்புறம் உள்ள என்னதான் பண்றீங்க?"

"சும்மா உக்காந்திருக்கேன். முப்பது வருஷமா அந்தப் பொதுக் கக்கூஸ்ல எவளாவது வெளிய நின்னு தட்டிக்கிட்டே இருந்தாளுங்க. இங்க வந்தும் நீ தட்டறியா? போடி அந்தப் பக்கம்."

தையலக்கா கையை எடுத்துக்கொண்டாள். அளவு கொடுக்க வந்து வாசலில் நின்று கூப்பிட்ட பெண்ணிடம், கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் உட்காரச் சொன்னாள்.