காலியாகத் திரும்பாத டப்பா

மைசூரில் ஊதுபத்தி கம்பெனிக்காரர்களை விளையாடச் சொன்னால் பாட்டுக்குப் பாட்டு பாடுவார்கள், இல்லையென்றால் நாற்காலியைச் சுற்றி ஓடுவார்கள். புதிதாக வந்த ஹெச்.ஆர். ஸ்மிதாவுக்கு அதெல்லாம் போதவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அறுபது பேரையும் பேக்கிங் ஹாலில் உட்கார வைத்து, ஆளுக்கொரு சீட்டைக் கையில் கொடுத்தாள். தன்னைப் பற்றி இங்கே யாருக்கும் தெரியாத ஒரு விஷயத்தை எழுத வேண்டும். பெயர் போடக் கூடாது. அவள் படிப்பாள், யாருடையது என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். மூன்று பேர் தப்பாகச் சொல்லிவிட்டால் சீட்டைக் கிழித்துவிடுவாள். எழுதியது யார் என்று அதற்குப் பிறகு கேட்கவே கூடாது.

பேக்கிங்கில் பன்னிரண்டு வருஷமாக இருக்கும் அஞ்சலை, சீட்டை எழுதாமல் மடித்து வைத்துக்கொண்டாள். மறைத்து வைக்க ஒன்று இருக்கிறவர்களிடம் போய் இப்படியா கேட்பார்கள்? யோசித்து, சின்ன வயதில் ஹனூரில் எருமை மேல் ஏறிப் பள்ளிக்கூடம் போனதை எழுதிப் போட்டாள். ஸ்மிதா படித்து முடிப்பதற்குள் சூப்பர்வைசர் மாதம்மா, "இது நம்ம விரதக்காரியேதான்" என்று சொல்லிவிட்டாள். ஹாலே சிரித்தது. தப்பித்தோம் என்று அஞ்சலையும் சிரித்தாள்.

விரதக்காரி என்ற பெயருக்குப் பின்னால் இருந்ததுதான் அவள் மறைத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் கணவன் மாணிக்கவாசகம் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தான். காலையில் வடிக்கிற சோறு அவனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சரியாகப் போய்விடும். மத்தியானம் எல்லாரும் டிபனைத் திறக்கும்போது, "மாதப்பனுக்கு வேண்டிக்கிட்டிருக்கேனுங்க, பகல்ல சாப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்க் குழாயில் தண்ணீர் குடிப்பாள். மாதேஸ்வரன் மலை சாமியின் பேரைச் சொன்ன பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? மரியாதைதான் கூடியது. இன்றுவரை கம்பெனி பூஜையில் முதல் தேங்காயை உடைக்க அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம், சைக்கிள் ஷெட்டில் அவளுடைய சைக்கிள் கைப்பிடியில் ஒரு எவர்சில்வர் டப்பா தொங்கியது. உள்ளே எலுமிச்சம்பழச் சாதம். மருந்து கிருந்து வைத்திருப்பார்களோ என்று பயந்து, முதல் கவளத்தை ஷெட்டு நாய்க்குப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாய் வாலை ஆட்டி இன்னும் கேட்டது. மீதியை அவள் சுவர் ஓரமாக உட்கார்ந்து, அழுதுகொண்டே சாப்பிட்டாள். உப்பு கொஞ்சம் அதிகம்தான். அது சாதத்தில் இருந்ததா கண்ணீரில் இருந்ததா என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாளும் வந்தது. நாலு மாதம் வந்தது. அடுத்தவர் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது, அது குடும்பத்துக்கு ஆகாது. அதனால் டப்பாவைக் கழுவி, ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ, வழியில் கிடைத்த எலுமிச்சம்பழமோ, இரண்டு பச்சை மிளகாயோ, ஒன்றும் கிடைக்காத நாளில் தலையிலிருந்த பூவோ போட்டு, சாயங்கால டீ நேரத்தில் அதே கைப்பிடியில் மாட்டுவாள். வேலை விட்டு வரும்போது டப்பா இருக்காது. யார் எடுக்கிறார்கள் என்று பார்க்க அவள் முயற்சி செய்யவில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்ற பயம்.

மாணிக்கவாசகம் எழுந்து வாட்ச்மேன் வேலைக்குப் போன வாரம், விரதம் முடிந்தது என்று சொல்லி அவளும் டிபன் கட்டி வந்தாள். அன்றோடு டப்பா நின்றது. கடைசி டப்பாவை நிறையப் பாயசத்தோடு கைப்பிடியில் மாட்டிப் பார்த்தாள். யாரும் எடுக்கவில்லை, எறும்புதான் வந்தது. மண்டி மொஹல்லா வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்த டப்பா இன்னும் இருக்கிறது. தினமும் விளக்கேற்றும்போது, பேர் தெரியாத அந்த ஒருவருக்காகவும் அவள் கும்பிடுவாள். நேரில் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையே என்பது மட்டும் நெஞ்சில் முள்ளாக இருந்தது.

ஸ்மிதா அடுத்த சீட்டைப் பிரித்தாள்.

"பன்னிரண்டு வருஷம் முன்னால், நாலு மாசம், ஒரு சின்ன டப்பாவில் எனக்குக் கறிவேப்பிலை வந்தது. எலுமிச்சம்பழம் வந்தது. ஒரு நாள் மல்லிகைப்பூ. அந்த வருஷம் எனக்கென்று வந்தது அது மட்டும்தான்."

அஞ்சலை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பூ வந்துச்சா? இது காதல் சமாச்சாரம்டி," என்றாள் மாதம்மா. "பசவராஜுதான்."

பசவராஜ் இல்லை என்று தலையாட்டினான். இன்னொருவர் ரவிக்குமார் என்றார், அதுவும் இல்லை. ஸ்மிதா சீட்டைக் கிழிக்கத் தயாராகப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு கெஸ்தான். சொல்லுங்க, யாரு?" என்றாள்.

தப்பாக ஒரு பேர் வந்தால் போயிற்று, இனி ஜென்மத்துக்கும் தெரியாது. எழுந்து பேசினால் விரதக்காரியின் மானம் அறுபது பேர் முன்னால் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லிங்கம்மா மூன்றாவது பேரைச் சொல்ல வாயெடுத்தாள். அஞ்சலை எழுந்துவிட்டாள்.

"எழுதுனது யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா அந்த எலுமிச்சம்பழம் நான் வெச்சது." முந்தானையை இழுத்துச் செருகினாள். "நான் விரதமெல்லாம் இருக்கலீங்க. வீட்டுல சோறு பத்தல, அவ்வளவுதான். சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன். யாரோ எனக்கு நாலு மாசம் சோறு போட்டாங்க. அவங்க இங்க இருந்தா ஒரு கும்பிடு போட்டுக்கிறேனுங்க."

கடைசி வரிசையில் கணக்குப் பிரிவு கணபதிராமன் எழுந்து நின்றார். தன் மேஜையிலேயே தனியாகச் சாப்பிடுகிறவர், யாரிடமும் அதிகம் பேசாதவர், இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறவர். அவர் ஜன்னல் சைக்கிள் ஷெட்டைப் பார்த்த ஜன்னல்.

"என் ஆத்துக்காரி பாலாம்பாள் தவறிப்போன வருஷம் அது," என்றார். "ஒருத்தருக்குன்னு அரிசி அளக்கக் கை வரலை. தினம் நீங்க தண்ணி குடிச்சுட்டுப் போறதைப் பார்ப்பேன். விரதம் இருக்கறவா முகம் எனக்குத் தெரியும்மா, எங்காத்துல பார்த்திருக்கேன். அது விரத முகம் இல்லை. நீங்க டிபன் கட்டிண்டு வந்தப்புறம், இனிமே டப்பாவைத் தொட எனக்கு உரிமை இல்லைன்னு விட்டுட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கும்பிடு நான்தான் போடணும். சாயங்காலம் டப்பாவுல என்ன இருக்குமோன்னு பார்க்கறதுக்காகவே மறுநாள் அடுப்பைப் பத்த வெச்சேன். இல்லேன்னா பட்டினியாவே போய்ச் சேர்ந்திருப்பேன்."

அஞ்சலை நின்ற இடத்திலேயே கை கூப்பினாள். மாதம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? உன் விரதத்தைப் பார்த்து நானும் ரெண்டு சோமவாரம் பட்டினி கிடந்தேனே," என்று திட்டினாள். அதில்தான் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது.

திங்கட்கிழமை அஞ்சலை அந்தப் பழைய டப்பாவில் பாயசம் கொண்டுவந்தாள். மாதம்மா நகர்ந்து இடம் கொடுக்க, கணபதிராமன் முதல் தடவையாகச் சாப்பாட்டு ஹாலில் எல்லாரோடும் உட்கார்ந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். டப்பாவை அவரே வைத்துக்கொண்டார். அவருடையதுதானே.

சாயங்காலம் அஞ்சலை ஷெட்டுக்கு வந்தாள். சைக்கிள் போய் இப்போது ஸ்கூட்டி. அதன் கைப்பிடியில், கழுவித் துடைத்த டப்பா தொங்கிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது.