சின்ன ஓட்டைதான்

குழாய் ரிப்பேர்க்காரரிடம் தொழிலுக்கென்று இரண்டு பொய்கள் இருந்தன. ஒன்று, "வந்துட்டே இருக்கேன்." இன்னொன்று, "சின்ன ஓட்டைதான்க்கா, இருந்த இடம் தெரியாம பூசிடுறேன்." இரண்டாவதைச் சொல்லிவிட்டு அவர் பெயர்த்த சுவர்களை அடுக்கினால் ஒரு கோட்டையே எழுப்பலாம். சொந்தச் சமையலறையிலும் அப்படியொரு சின்ன ஓட்டை உண்டு. தாராளமாகக் குடம் நுழையும்.

அதனால்தான், சிறுநீரகத்தில் கட்டி என்று கண்டுபிடித்த டாக்டர், "வயித்தைக் கிழிக்க வேண்டாம், நாலு சின்ன ஓட்டைதான். கட்டியை மட்டும் எடுத்துட்டு கிட்னியைக் காப்பாத்திடலாம்" என்றதும், அவர் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"என் வசனத்தை என்கிட்டயே விடுறான்" என்றார் வெளியே வந்து.

திறந்து செய்தாலும் கட்டி போகும், வலி கூடும், ஆற நாளாகும், எந்த வழியானாலும் தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னதெல்லாம் காதில் ஏறவில்லை. ஆளைத்தான் முதல் வரியிலேயே எடைபோட்டாயிற்றே. தானாகவே திறந்து செய்யச் சொல்லும் யோக்கியனைத் தேடிக் கிளம்பினார். அடுத்த டாக்டரும் ஓட்டை என்றார், கூட்டுக் களவாணி. போதாக்குறைக்கு, போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு மச்சான் துளைக் கட்சியில் சேர்ந்தார். மச்சானுக்கு இறங்கிப் போவதா? இவர் வெட்டுக் கட்சியிலேயே நின்றார். வருஷம் ஓடியது. கட்டி எந்தக் கட்சியிலும் சேராமல் தன் பாட்டுக்கு வளர்ந்தது.

சிறுநீரில் ரத்தம் வந்த பிறகு முதல் டாக்டரிடமே ஓடினார்கள். பெரிய ரத்தக்குழாய்க்குள் கட்டி புகுந்துவிட்டது, திறந்துதான் ஆகவேண்டும், சிறுநீரகமும் போகும் என்றார் டாக்டர்.

"பாத்தியா, கடைசில உண்மை வந்துச்சா" என்று மனைவியிடம் சொன்னபோது அவர் முகத்தில் அப்படியொரு வெற்றி.

விலாவோரம் ஓடிய தையலை வந்தவர்களுக்கெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டினார். நோய் அதற்குள் நுரையீரலுக்குக் குடிபோயிருந்தது. தையல் ஆறியது, அவர் தேறவில்லை.

துக்க வீட்டிலும் கட்சிகள் கலையவில்லை. அன்றைக்கே ஓட்டை போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்றார் மச்சான். திறந்ததுதான் தப்பு, காற்றுப் பட்டால் பரவிவிடும் என்றார் இறந்தவரோடு வேலை செய்த கொத்தனார்.

"எதுன்னாலும் சீக்கிரம் வாங்கன்னாரு டாக்டர்" என்றாள் மனைவி. "அது மட்டும் உங்க யாரு காதுலயும் விழல."

கொத்தனார் பேச்சை மாற்றச் சமையலறைச் சுவரைப் பார்த்தார்.

"சின்ன ஓட்டைதான் தங்கச்சி, நான் பூசிடுறேன்."

அதுவரை அழாதிருந்தவள், அப்போதுதான் அழுதாள்.