எட்டாம் நம்பர் வண்டியில் அப்பா

8810. கறுப்புத் தகட்டில் வெள்ளை எண்கள். இடது ஓரம் லேசாக நெளிந்திருக்கும். கூட்டிப் பாருங்கள், பதினேழு. மறுபடி கூட்டினால் எட்டு. சனிக்குரிய எண். இந்தக் கூட்டல் தெரிந்த நம்மவர் யாரும் சீந்தாததால்தான், அறுபதுகளின் தொடக்கத்தில், பதினெட்டு வயதிலேயே எனக்கென்று ஒரு கார் வாய்த்தது. நான் வேலை பார்த்த பட்டறையில், ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரை விட்டுப்போன பழைய நாலு கதவு வண்டி அது. மழைக்கு ஒழுகும், மேட்டில் முனகும். லைசென்ஸ் எடுத்த கையோடு, "நீயே கட்டி மாரடி" என்று முதலாளி சாவியை என் கையில் திணித்தார்.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில் கார் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். மூலைக் காப்பிக் கடைச் சீனர் எண்ணைத் தடவிப் பார்த்து, "ரெண்டு எட்டு! ரொம்ப ஓங் லா, தம்பி!" என்று கும்பிட்டார். அவர்கள் மொழியில் ஓங் என்றால் அதிர்ஷ்டம். அப்பா தகட்டைப் பார்த்தார், உதடு அசையக் கூட்டினார், உள்ளே போய்விட்டார். அம்மா மட்டும், "எட்டா இருந்தா என்ன, உக்கார எடம் இருக்குல்ல" என்று பின் இருக்கையில் ஏறிச் சந்தைக்குப் போய் வந்தாள்.

அப்பா துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. காலையில் அவர் பஸ்ஸுக்கு நடப்பார். நான் பக்கத்திலேயே ஊர்ந்துபோவேன். "ஏறுங்கப்பா." "எனக்கு ரெண்டு காலு இருக்கு. அதுக்குப் பெட்ரோல் வேணாம்." பஸ் நிறுத்தத்தில் இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? "என்ன சார், மவன் துரையாட்டம் கார்ல, நீங்க பஸ்லயா?" அப்பா சிரித்து மழுப்புவார். எனக்கு அவமானமாக இருக்கும். என்றாவது ஒருநாள் இந்த மனிதரை ஏற வைத்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வைராக்கியமே வளர்ந்தது.

ஏறினார். ஒரு சனிக்கிழமை மத்தியானம். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். டாக்ஸி தேடி ஓடிய பக்கத்து வீட்டுக்காரர் வெறுங்கையோடு திரும்பினார். நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன். அம்மாவைத் தூக்கி வந்த அப்பா கதவருகே ஒரு கணம் நின்றார். பிறகு உள்ளே நுழைந்து, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "ஓட்டுப்பா. எது வந்தாலும் ரெண்டு பேருக்கும் சேர்ந்தே வரட்டும்."

அம்மா திங்கட்கிழமை போய்விட்டாள்.

நான்தான் கொன்றுவிட்டேனா? அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவும் தைரியமில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த அத்தை, கூடத்தில் எல்லோர் காதிலும் விழ அதைப் போட்டு உடைத்தாள். "எட்டாம் நம்பர் வண்டி, அதுவும் சனிக்கிழமை! எமனே ஓட்டிட்டுப் போன மாதிரி."

அப்பா குரலை உயர்த்தவில்லை. "அக்கா, அந்த வண்டி இல்லன்னா அவ வாசல்லயே போயிருப்பா. ரெண்டு நாளு கண்ணு முழிச்சு எங்கிட்ட பேசிக்கிட்டு இருந்தா. அது இவன் கொடுத்தது. இன்னொரு தரம் இந்தப் பேச்சு இந்த வீட்ல வேணாம்."

மறுநாள் காலை சாப்பாட்டு டப்பாவோடு வந்து, முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆபீஸ்ல விட்டுருப்பா." சந்தே பார்த்தது. அன்றிலிருந்து தினமும், வண்டி ஓய்ந்துபோகும்வரை ஆறு வருடம் ஏறினார். கிளம்பும்போது கண்ணை மூடிக்கொள்வார், உதடு அசையும். வயசாகிவிட்டது, அசதி என்று நினைத்துக்கொண்டேன். துக்கத்தில் மனிதருக்கு அந்த நம்பிக்கையெல்லாம் விட்டுப்போய்விட்டது என்றும் நினைத்தேன்.

அப்பா இறந்து ஒரு வருடம் கழித்துக் கோவிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொன்னபோது, சீட்டு எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தத் தம்பி நீங்கதானா? உங்க பேரு நட்சத்திரமெல்லாம் எனக்கு மனப்பாடம். கார் இருந்த வரைக்கும் உங்கப்பா ஒரு சனிக்கிழமை விட்டதில்ல. எள் விளக்குப் போட்டு, 'இந்த வாரமும் புள்ளைக்கு ஒண்ணும் ஆவல'ன்னு சொல்லிட்டுத்தான் போவாரு."

இப்போது என் மகன் ஓட்டுகிறான். கிளமெண்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது அவன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வண்டி எண்ணைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, பயமும் கிடையாது. அப்பாவுக்கு அத்தனை பயம் இருந்தது. அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு காலையும் வந்து கதவைத் திறந்திருக்கிறார்.